ஊட்டிக் குளிரில் உயரத்தின் பங்கு எவ்வளவு?

ஊட்டியில் எப்போது அதிகம் குளிரும் என்று யாரைக் கேட்டாலும் டிசம்பர், ஜனவரி என்றுதான் சொல்வார்கள். இரவைப் பொறுத்தவரை சரிதான். ஜனவரி இரவுகளில் சராசரியாக 5, 6 டிகிரிக்கு இறங்கும், பள்ளமான இடங்களில் பூஜ்யத்தையே தொடும். ஆனால் பகல் கணக்கை எடுத்துப் பாருங்கள், நிலைமை தலைகீழ். ஜனவரி மதியம் வெயில் பளீரென்று அடித்து 20 டிகிரி வரை போகும். ஜூலை மதியத்தில், தென்மேற்குப் பருவமழையின் மேகம் ஊரையே மூடிக்கொண்டிருக்கும்போது, 16, 17-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். ஜனவரி மதியத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவர், ஜூலை மதியத்தில் அதே இடத்தில் நடுங்குவார்.

ஊர் அதேதான், உயரமும் அதேதான். ஆக, 'மேலே போகப் போகக் குளிரும்' என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரி உண்மை என்றாலும் பாதிக்கதைதான். உயரம் ஒரு அடிப்படை வெப்பநிலையைப் போட்டுக் கொடுத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதை மேகம், காற்று வரும் திசை, நீங்கள் நிற்பது மேடா பள்ளமா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் நீலகிரியைவிட வசதியான இடம் இல்லை.

முதலில் அடிப்படைக் கணக்கு. உலக சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று வைத்துக்கொள்கிறார்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இடைவெளி 1,830 மீட்டர், அப்படியென்றால் கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கோவையில் பகல் 35, 36 டிகிரி, ஊட்டியில் 22, 23. பரவாயில்லை, நன்றாகவே ஒத்துப்போகிறது. சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருந்தும் ஆண்டுச் சராசரியில் 5 டிகிரி அளவுக்கு வேறுபடுவதற்கு முக்கியக் காரணம், பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருப்பதுதான். ஐடி கம்பெனிகள் அங்கே போனதற்குக் காரணம் இதுவா என்று கேட்காதீர்கள்.

ஏன் குறைகிறது? சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில்தானே போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, நாம் ஏறுவது 2 கிலோமீட்டர், அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிடலாம். விஷயம் என்னவென்றால் சூரிய ஒளி காற்றை நேரடியாகப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. ஒளியின் பெரும்பகுதி காற்றைத் தாண்டி வந்து தரையில் விழுகிறது, தரை சூடாகிறது, தரைதான் தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலே கிளம்பும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் போகப் போக அது விரியும். விரிவதற்கு ஆற்றல் வேண்டும், அதை வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை, தன்னிடம் இருக்கும் வெப்பத்திலிருந்தே எடுத்துச் செலவழிக்க வேண்டியதுதான், அதனால் குளிர்ந்துவிடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அங்கே காற்றை அமுக்குகிறோம், சூடாகிறது. மலையில் அதற்கு நேரெதிர்.

ஈரம் இல்லாத காற்று இப்படி ஏறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி இழக்கும். ஆனால் நம் ஊர்க் காற்றில் நீராவி உண்டு. ஓரளவு குளிர்ந்ததும் அந்த நீராவி துளிகளாக மாறி மேகமாகும், அப்படி மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று அவ்வளவு வேகமாகக் குளிராது, கிலோமீட்டருக்கு 5 டிகிரி போலத்தான் இழக்கும். 6.5 என்பது உலகம் முழுக்க எடுத்த சராசரி மட்டுமே, எந்த மலையும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. மார்ச் மாதத்து வறண்ட மதியத்தில் ஒரு வேகத்தில் குறையும், ஜூலை மழையில் வேறு வேகத்தில் குறையும்.

'மேலே காற்று மெல்லியதாக இருப்பதால் குளிர்கிறது' என்றும் சொல்வதுண்டு. முழுக்கத் தவறில்லை, ஆனால் மெல்லியதாக இருப்பது மட்டுமே காரணம் என்றால் இன்னும் மேலே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போக வேண்டுமே? போவதில்லை. நம் பகுதியில் 16, 17 கிலோமீட்டருக்கு மேல் காற்று இன்னும் மெல்லியதாகிறது, வெப்பநிலையோ கூடத் தொடங்குகிறது, ஏனென்றால் அங்கே ஓசோன் புற ஊதாக்கதிரை நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆக, சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நமக்குத் தரையிலிருந்து வருகிறது. அந்த அடுப்பிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறோமோ அவ்வளவு குளிர்.

இங்கே யோசிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். ஊட்டியிலும் தரை இருக்கிறதே, அதன் மேலும் வெயில் விழுகிறதே, அந்தத் தரை ஏன் காற்றைக் கோவை அளவுக்குச் சூடாக்குவதில்லை? சூடாக்கத்தான் பார்க்கிறது. ஆனால் மலை என்பது சுற்றிலும் குளிர்ந்த காற்றுக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். அது சூடாக்கிய காற்றை அடுத்த வீச்சு அள்ளிக்கொண்டு போய்விடும், புதுக் குளிர்க்காற்று வந்து நிற்கும். நிலம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத் தன் காற்றைத் தானே சூடாக்கித் தக்கவைத்துக்கொள்ள முடியும். இதற்குப் பெரிய உதாரணம் திபெத். லாசா நகரம் சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் கங்கைச் சமவெளியில் சராசரி 30 டிகிரி என்று வைத்து 6.5 கணக்கைப் போட்டால் லாசாவில் 7 டிகிரிதான் வர வேண்டும். உண்மையில் 16 டிகிரி அளவில் இருக்கும். திபெத் பீடபூமி அவ்வளவு பரந்தது, கோடையில் அதுவே தனக்கொரு தரையாகிவிடுகிறது. நம் பருவக்காற்றுக்கே அந்தச் சூடு ஒரு கை கொடுக்கிறது என்பது தனிக்கதை.

சரி, நீலகிரிக்கே வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் தெர்மாமீட்டரே தேவையில்லை. கீழே 300 சொச்சம் மீட்டரில் பாக்குத் தோப்பு, தென்னை, வாழை. கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கி, 850, 900 மீட்டர் அளவில் பர்லியார் வந்தால் பலா, மங்குஸ்தான், துரியான். அரசு தோட்டக்கலைப் பண்ணையே அங்கே இருக்கிறது, சீசனில் சாலையோரத்தில் மங்குஸ்தான் குவித்து வைத்திருப்பார்கள். அதற்கு மேல் காபியும் மிளகும் தலைகாட்டும். 1,800 மீட்டர் தாண்டிக் குன்னூர் வந்தால் எங்கே பார்த்தாலும் தேயிலை. அப்புறம் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். பாக்கில் தொடங்கிக் கேரட்டில் முடிகிற இந்தப் பயணம் 50 கிலோமீட்டர்தான். சமவெளியிலேயே வடக்கே போய் இதே அளவு வெப்பநிலை மாற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்க மனமில்லாமல் போனதற்கும், பிறகு சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனதற்கும் இந்த 12 டிகிரிதான் காரணம். குளிரில் கொசுவும் மலேரியாவும் குறைவு என்பதும் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் உயரத்தின் வேலை. உயரத்தின் கணக்கு அப்படியே கவிழ்ந்துபோகிற இடம் ஒன்று உண்டு, அது உறைபனிக் காலத்து இரவு.

தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், ஊட்டியைவிடச் சுமார் 400 மீட்டர் மேலே. கணக்குப்படி எப்போதும் ஊட்டியைவிட இரண்டரை டிகிரி குளிராக இருக்க வேண்டும். பகலில் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் டிசம்பர், ஜனவரியில் பேப்பரைப் புரட்டினால் உறைபனிப் படம் எங்கிருந்து வருகிறது? தலைக்குந்தா, காந்தள், குதிரைப்பந்தய மைதானம், தாவரவியல் பூங்காப் புல்வெளி. எல்லாமே தாழ்வான இடங்கள்.

நவம்பர் வாக்கில் முதலில் நீர்ப்பனி விழத் தொடங்கும், மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி வரும். தெளிந்த வானம்தான் இங்கே முக்கியம். இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், காற்றில் ஈரம் இருந்தாலும் ஓரளவு திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, ஈரமும் இல்லை, தலைக்கு மேல் இருக்கும் காற்றே குறைவு என்றால் போனது போனதுதான். தரை மளமளவென்று குளிரும், அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் மாதிரியே வழிந்து கீழே வந்து பள்ளத்தில் தேங்கும். வீசுகிற காற்றும் நின்றுவிட்டால் அதைக் கலைக்க ஆளில்லை. பள்ளத்தில் பூஜ்யம், மேட்டில் அதைவிட நாலைந்து டிகிரி கூட என்று விடியற்காலையில் தலைகீழாக நிற்கும். சிகரத்தில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் அங்கே குளிர் தேங்காது.

இன்னொன்றும் உண்டு. 'குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி' என்று செய்தி போட்டுப் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்ற புல்வெளிப் படமும் போடுவார்கள். 3 டிகிரியில் எப்படி உறையும் என்று கீழே கமெண்டில் சண்டை நடக்கும். இரண்டுமே உண்மைதான். வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். புல்நுனி அதைவிட நாலைந்து டிகிரி குளிராக இருக்கலாம்.

தேயிலைக்காரர்களுக்கு இது வேடிக்கை இல்லை. உறைபனி விழுந்த கொழுந்தின் மேல் காலை வெயில் சுள்ளென்று பட்டதும் இலை கருகிவிடும், தீ வைத்ததுபோல் தோட்டம் செம்பழுப்பாக நிற்கும். அதனால் பள்ளத்தில் தேயிலை வைத்திருக்கிறவர்கள் தாகைச் செடியை வெட்டி வந்து செடிகளின் மேல் பரப்பி மூடிவைப்பார்கள். கூடாரம் போட்டுக் குளிரைத் தடுக்கிற வேலை இல்லை இது, செடியின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் மறிப்பதுதான் நோக்கம். பூங்காவில் மலர் நாற்றுகளை மூடுவதும், விடிந்ததும் ஸ்பிரிங்ளரைத் திறந்து புல்லில் படிந்த பனியைக் கழுவிவிடுவதும் இப்படிக் கருகாமல் காப்பதற்குத்தான். அதே தோட்டத்தில் சரிவின் மேல்பாதியில் தேயிலை வைத்திருப்பவருக்கு இந்த வேலை குறைவு. விவசாயிகள் இதைப் பாடப்புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நீலகிரியின் பழைய காட்சியான புல்வெளியும் சோலைக்காடும் அடுத்தடுத்து நிற்பதற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மரக்கூரையின் கீழ் வெப்பம் தங்கும், கன்று பிழைக்கும். வெட்டவெளிப் புல்லில் முளைத்த சோலை மரக்கன்றை உறைபனி கொன்றுவிடும். தீ, மண், மேய்ச்சல் என்று வேறு விளக்கங்களும் உண்டு, எல்லாம் சேர்ந்துதான் என்பது என் கட்சி.

வருடாவருடம் 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். உறைபனியாக இருக்கும், இல்லையென்றால் ஆலங்கட்டி குவிந்து கிடக்கும், அதுவும் இல்லையென்றால் காஷ்மீராக இருக்கும். நிரந்தரப் பனி நிற்க வேண்டுமென்றால் நம் அட்சரேகையில் 5,000 மீட்டர் அளவுக்காவது மலை வேண்டும். பூமத்தியரேகைக்குப் பக்கத்திலேயே இருந்தும் கிளிமாஞ்சாரோவின் உச்சியில் பனி நிற்பது அது 5,895 மீட்டர் என்பதால்தான்.

அடுத்து மழை. மலை குளிர்ந்திருப்பது மட்டுமில்லை, வருகிற காற்றை மேலே ஏற வைக்கிறது, ஏறிய காற்று முன்னே சொன்னபடி குளிர்ந்து மேகமாகி மழையைக் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து முட்டும் மேற்கு விளிம்பில் அவலாஞ்சி, கூடலூர், தேவாலா. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே அதைவிடக் குறைவுதான். கிழக்கு விளிம்பில் இருக்கும் குன்னூருக்கோ ஜூலையில் தூறல்தான், அதன் மழைக்காலம் அக்டோபர், நவம்பர், வடகிழக்குப் பருவமழை. ஒரே மாவட்டம், பக்கத்துப் பக்கத்து ஊர், மழைக்காலமே வேறு.

மழையைக் கொட்டிவிட்ட காற்று மறுபக்கம் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஏறும்போது மேகத்துக்குள் கிலோமீட்டருக்கு 5 டிகிரிதான் இழந்தது. இறங்கும்போது ஈரமில்லை, அமுங்கிக்கொண்டே கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி சூடாகும். 30 டிகிரியில் கிளம்பி, முதல் 500 மீட்டர் வறண்டு ஏறி, பிறகு மேகத்துக்குள் 1,500 மீட்டர் ஏறி, மொத்தம் 2,000 மீட்டர் உச்சியைத் தாண்டுகிறது என்று வையுங்கள். உச்சியில் 17, 18 டிகிரி. மறுபக்கம் அதே 2,000 மீட்டர் இறங்கினால் 37 டிகிரி. கிளம்பிய இடமும் சேர்ந்த இடமும் ஒரே உயரம், வித்தியாசம் 7 டிகிரி. நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடக்காது, ஆனால் திசை இதுதான்.

இந்தக் காற்றை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இலங்கையின் கிழக்கில் இருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மக்கள். கச்சான் காற்று என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குப் பக்கம் வட்டவளை, கினிகத்தேனைப் பகுதியில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது கொதிக்கக் கொதிக்க வறண்டு வீசும். அதே காற்று வழியில் பதுளை, பண்டாரவளை தேயிலைத் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வறட்சியில் பறிக்கும் ஊவா மாகாணத் தேயிலைக்குத் தனி மணம், ஏலத்தில் தனி மதிப்பு. இலங்கையில் தேயிலையையே உயரத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள்: 600 மீட்டர் வரை தாழ்நிலம், 1,200 வரை மத்திய நிலம், அதற்கு மேல் உயர்நிலம்.

நீலகிரியில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் தலைக்குந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி மசினகுடி போனால் போதும். மேலே தைலமரமும் ஈரமும், கீழே முள்காடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மணிநேரப் பயணம்கூட இல்லை.

உயரம் வீட்டுக்குள் செய்கிற சில்லறை வேலைகளும் உண்டு. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அதனால் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வருடம் முழுக்கக் கட்டியாகவே கிடக்கும், அகலவாய் டப்பாவில் வாங்கினால் பிழைத்தீர்கள். இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்காது. குளிருகிறதே என்று வெயிலில் உட்கார்ந்தால் கன்னம் கறுத்துவிடும், ஏனென்றால் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக்கதிர் கூடுகிறது. காற்று குளிர்ந்திருப்பதற்கும் வெயில் சுடுவதற்கும் சம்பந்தம் இல்லை, இரண்டும் வேறு வேறு.

2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது, வழக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் அதிகம். அதே வாரங்களில் ஈரோடு 42-இல் வெந்துகொண்டிருந்தது. அதாவது 12, 13 டிகிரி வித்தியாசம் அப்படியே இருந்தது. அடித்தளமே மேலே போனால் உச்சியும் சேர்ந்துதான் போகும். கிலோமீட்டருக்கு 6.5 என்றால், 1 டிகிரி வெப்பமாதல் என்பது ஒவ்வொரு குளிர்ப் பட்டையும் சுமார் 150 மீட்டர் மேலே நகர்வதற்குச் சமம். கேரட் போடுகிறவர் இன்னும் மேலே நிலம் தேடலாம், கிடைத்தால். உச்சிப் புல்வெளிகளில் வாழும் வரையாட்டுக்கு அந்த வசதி இல்லை, தொட்டபெட்டாவுக்கு மேல் நீலகிரியே கிடையாது.

கடைசியாக, ஊட்டிக்குக் கிளம்புமுன் போனில் வெப்பநிலை பார்க்கிறவர்களுக்கு. வானிலை மாதிரிகள் நிலத்தைப் பத்து, இருபது கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரி உயரத்தை வைத்துக்கொள்ளும். நீலகிரியில் பத்து கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் ஏறிவிடும், ஒரே கட்டத்துக்குள் குன்னூரும் வரும், அதற்குக் கீழே இருக்கும் காடும் வரும். சில ஆப்கள் இதைத் திருத்திக் காட்டும், சிலது காட்டாது. அதனால் ஆப் காட்டும் எண்ணைவிட, கோவையின் எண்ணை எடுத்து 12-ஐக் கழித்துக்கொள்வது பல நாட்களில் நன்றாகவே வேலை செய்யும். ஜூலை என்றால் பகலுக்கு இன்னும் ஒன்றிரண்டு கழியுங்கள். ஜனவரியில் தங்குவது பள்ளத்திலா மேட்டிலா என்று லாட்ஜ்காரரிடம் கேட்டுவிட்டுக் கம்பளியைத் தீர்மானியுங்கள்.